சிறையைக் காட்டினால் பிள்ளைகள் திருந்துவார்களா? மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு விவாதம்

இளைஞர் பிரிவு:

வணக்கம். சென்ற மாதம் பள்ளித் திடலுக்குப் பின்னால் நடந்த கைகலப்பைப் பற்றி இவ்வூரில் தெரியாதவர் இல்லை. வெட்டுப்பட்ட பையனுக்கு வயது பதினான்கு, வெட்டியவனுக்குப் பதினாறு. இருவருமே நம் கோயில் திருவிழாவில் காவடிக்கு முன்னால் உறுமி அடித்த பிள்ளைகள். அடிபட்டவனைத் தூக்கிக் காரில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பள்ளிச் சட்டை என் கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை.

எங்கள் இளைஞர் பிரிவு ஒரு திட்டத்தை முன்வைக்கிறது. இடைநிலைப் பள்ளியின் படிவம் இரண்டிலும் மூன்றிலும் கட்டொழுங்குப் பதிவேட்டில் பெயர் ஏறியுள்ள நாற்பது மாணவர்களை, பெற்றோர் ஒப்புதலுடன், ஒரு நாள் சுங்கை பூலோ சிறைச்சாலைக்கு அழைத்துச் செல்ல விண்ணப்பிக்க வேண்டும். கம்பிக்குள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அவர்கள் நேரில் பார்க்கட்டும். பேருந்துச் செலவை ஏற்க ஒருவர் முன்வந்துவிட்டார். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு வெளியிட்ட கணக்கில் 49 குண்டர் கும்பல்கள், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், அவர்களில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர்கள் என்று வந்ததை நாம் மறந்துவிடவில்லை. மக்கள் தொகையில் ஏழு விழுக்காடாக இருக்கும் ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தீர்மானம் வைக்கவிருக்கிறோம். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி, உங்கள் வேதனையில் எனக்கும் பங்கு உண்டு. அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனுடைய தாய்க்கு நான் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவள். ஆயினும் இந்தத் திட்டத்தை நான் எதிர்க்கிறேன். இது புதிய யோசனையாக இருந்திருந்தால் செய்து பார்க்கலாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் இதைப் பிறர் ஏற்கெனவே செய்து, எண்ணிப் பார்த்து, முடிவையும் எழுதி வைத்துவிட்டார்கள்.

1976-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ராவே சிறையில் இருந்த ஆயுள் கைதிகள் இதே நோக்கத்தோடு ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். வழி தவறக்கூடிய இளையோரை உள்ளே அழைத்து, சிறையில் நடக்கும் கொடுமைகளை முகத்துக்கு நேரே உரத்த குரலில் சொல்வார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பல மாநிலங்கள் அப்படியே பின்பற்றின. ஜேம்ஸ் ஃபின்கெனவர் என்ற ஆய்வாளர் மட்டும், சிறைக்குப் போய் வந்த 46 பேரையும் போகாத 35 பேரையும் ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார். போகாதவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் மீண்டும் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். போய் வந்தவர்களிலோ அது 41 விழுக்காடு.

அதன் பின்னர் ஆந்தனி பெட்ரோசினோவும் அவருடைய குழுவினரும், 1967 முதல் 1992 வரை நடந்த இத்தகைய ஒன்பது சோதனைகளை ஒன்றாகத் திரட்டினார்கள். ஏறத்தாழ ஆயிரம் இளையோர் அவற்றில் பங்கேற்றிருந்தனர். கணக்கில் எடுக்கத்தக்க சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே அந்தப் பிள்ளைகள் நன்றாக இருந்திருப்பார்கள் என்றுதான் முடிவு வந்தது. பயன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, கேடு விளைந்திருக்கிறது. நாற்பது பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இல்லையா?

மளிகைக் கடை:

டீச்சர் சொன்னதை மதிக்கிறேன். அதனால்தான் நேற்று இரவு கடையை அடைத்த பிறகு நானும் அந்த ஆய்வைப் பற்றித் தேடிப் படித்தேன். 81 பேரை வைத்துச் செய்த ஒன்றை ஓர் ஊருக்கே சட்டமாக்க முடியாது. அதிலும், யார் போக வேண்டும், யார் போகக்கூடாது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் முறையைச் சில இடங்களில் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று ஃபின்கெனவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். முரட்டுப் பையன்களைப் பார்த்து அனுப்பியிருந்தால், பிறகு அவர்கள் அதிகம் தப்பு செய்ததில் வியப்பு என்ன இருக்கிறது?

இன்னொன்று. அங்கே கைதிகள் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். இங்கே அப்படி நடக்காது. அதிகாரி ஒருவர் பேசுவார், கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார், திருந்திய ஒருவர் தம் கதையைச் சொல்வார். அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த வேறொரு காரியத்தின் குறையை நம் தலையில் கட்டுவது சரியான ஆதாரம் ஆகாது.

என் கடைப் பூட்டு இரண்டு முறை உடைக்கப்பட்டது. இரண்டாம் முறை கேமராவில் தெரிந்த முகம், வாரத்துக்கு இரண்டு நாள் என்னிடம் ஐஸ்கட்டி வாங்கிப் போன முகம். புகார் கொடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பையனுக்கு எதைக் கண்டும் பயம் இல்லை. பயத்தை உண்டாக்க முயல்கிறவர்களை நாம் ஏன் தடுக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற ஆசிரியை:

ராவே ஆய்வின் குறை பற்றி நீங்கள் சொன்னது உண்மை. நான் அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் கத்தாமல், மிரட்டாமல், வெறுமனே சுற்றிக் காட்டிய திட்டமும் அந்த ஒன்பதில் இருக்கிறது. 1967-இல் மிச்சிகனில் 60 பையன்களைக் கொண்டு நடந்தது அது. சீர்திருத்தச் சிறையைப் பார்த்து வந்தவர்களில் 43 விழுக்காட்டினர் மீண்டும் தவறு செய்தார்கள். பார்க்காதவர்களில் 17 விழுக்காட்டினர். அதுவும் சிறிய ஆய்வுதான். ஆனால் சிறிய ஆய்வுகள் தற்செயலாகத் தவறும்போது, சில இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் சாயும். இங்கே பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஏன் அப்படி ஆகிறது என்பதை நான் என் கண்ணாலேயே கண்டேன். பணியில் இருந்தபோது, பன்னிரண்டு பையன்களை ஓர் இடத்தில் லாக்கப்பைக் காட்ட நானே அழைத்துச் சென்றேன். நல்லது செய்கிறோம் என்று முழுமனத்தோடு செய்த காரியம் அது. உள்ளே நின்றபோது எல்லாரும் அடங்கி ஒடுங்கித்தான் இருந்தார்கள். திரும்பும் வழியில், வேனின் கடைசி இருக்கையில், கம்பிக்குப் பின்னால் இருந்தவரின் முன்கையில் குத்தியிருந்த கும்பல் எண்ணை ஒருவன் பேனாவால் தன் கையில் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் தன் கையை நீட்டினான், பிறகு அடுத்தவன். அதுவரை ஒருவரையொருவர் சரியாக அறியாத மூன்று வகுப்புப் பையன்களை ஒரே வேனில் ஏற்றி, நீங்கள் எல்லாரும் ஒரே வகை என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். உங்கள் திட்டத்தில் வேனுக்குப் பதிலாகப் பேருந்து, பன்னிரண்டுக்குப் பதிலாக நாற்பது.

மளிகைக் கடை:

அப்படியானால் பயமே வேண்டாம் என்கிறீர்களா? விசாரணை இன்றித் தடுத்து வைக்க இடமளித்த 1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தை 2011 இறுதியில் நாடாளுமன்றம் விலக்கிக்கொண்டது. சிம்பாங் ரெங்காம் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தவர்கள் வெளியே வந்தார்கள். 2013-இல் நாடு முழுவதும் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளாக வந்துகொண்டிருந்தன. அரசாங்கமே உணர்ந்துதான் குற்றத்தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 2014 ஏப்ரலில் தடுப்புக் காவலை மீண்டும் கொண்டுவந்தது. இது ஆதாரம் இல்லையா?

சட்ட உதவித் தொண்டர்:

அண்ணன், ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தது என்பது மட்டும் காரணத்தை நிறுவிவிடாது. வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் மீது பிறகு குற்றம் சாட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது என்பதைக் கொண்டுதான் அதைப் பேச முடியும். 2013-ஆம் ஆண்டுப் பட்டியலுக்கும் இதுவே பொருந்தும். அது அதிகாரிகள் அடையாளம் கண்டவர்களின் எண்ணிக்கை, நீதிமன்றம் தண்டித்தவர்களின் எண்ணிக்கை அன்று. பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த எண் எதை எண்ணுகிறது என்பதைத் தெரிந்து பேசுவோம் என்கிறேன்.

திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, ஒருவரை முதலில் 21 நாளும் பிறகு 38 நாளும் விசாரணைக் காவலில் வைக்கலாம். அதன் பின் வாரியம் ஒன்று, திறந்த நீதிமன்ற விசாரணை இல்லாமலே, இரண்டாண்டுத் தடுப்புக் காவலுக்கு உத்தரவிடலாம். அதை நீட்டிக்கவும் முடியும். உங்கள் கடைப் பூட்டை உடைத்தவனுக்கு இதனால் என்ன பயம் வரும்? கேமராவில் முகம் தெரிந்தும் ஓராண்டாக அவனை யாரும் தேடி வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, பிடிபடுவது எவ்வளவு உறுதியானது என்பதே குற்றத்தைத் தடுக்கிறது என்று, இத்துறையில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. போதைப்பொருள் கடத்தலுக்கு 1983 முதல் கட்டாய மரண தண்டனை இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. 2023 ஜூலை 4-ஆம் நாள் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் கேட்க வேண்டியது உங்கள் புகாரின் நிலை என்ன என்பதைத்தான். விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

வேன் ஓட்டுநர்:

படித்தவர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா என்று தயங்கினேன். பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெட்டுப்பட்ட பையன் என் வேனில்தான் வந்துகொண்டிருந்தான். படிவம் இரண்டு என்பதால் பிற்பகல் பள்ளி. தாயும் தகப்பனும் தொழிற்சாலை வேலைக்கு விடியற்காலையிலேயே பேருந்து ஏறிவிடுவார்கள். காலை ஏழு மணியிலிருந்து நான் போய் ஹார்ன் அடிக்கும் பன்னிரண்டு மணி வரை, அந்த அடுக்குமாடி வீட்டில் அவனுக்கு யாரும் இல்லை. தோட்டத்தில் இருந்தவரை அப்படி இல்லை. பெற்றவர்கள் பால்வெட்டுக்குப் போனாலும் லயத்தில் ஒரு பாட்டி இருப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தில் ஆயா இருப்பார், தோட்டத்துக் கணக்கர் கிராணி கண்ணில் பட்டால் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்பார். தோட்டம் கைமாறி எல்லாரும் அடுக்குமாடிக்கு வந்த பிறகு கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

முதலில் அவன், பள்ளி வாசலுக்கு முன் உள்ள சந்திப்பிலேயே இறக்கிவிடச் சொன்னான். நான் மறுத்தேன். பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்தான், அதன் பிறகு இரண்டு நாள். மார்ச் மாதத்திற்குப் பின் வரவே இல்லை. காலை பத்து மணிக்கு மோட்டார் பட்டறை வாசலில், பள்ளிச் சீருடைக் காற்சட்டையும் மேலே வேறொரு சட்டையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். யார் எந்த நாளில் ஏறினார்கள் என்று கட்டணக் கணக்குக்காக நான் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். சண்டை நடப்பதற்கு நான்கு மாதம் முன்பே அந்த நோட்டில் அது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நோட்டை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் யாரிடமும் காட்டவில்லை. இப்போது அது என் மனத்தை உறுத்துகிறது.

இன்னொரு பையன் இருக்கிறான். அவன் எந்த வம்புக்கும் போகாதவன். அடையாள அட்டை எடுக்கும் வயது வந்தும் அவனுக்கு அட்டை கிடைக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் எடுத்துவிட்டார்கள் என்ற வெட்கத்திலேயே நின்றுவிட்டான். அவனுடைய தாயார் ஒரு மஞ்சள் உறையில் தாள்களை வைத்துக்கொண்டு மூன்று முறை பதிவுத் துறை முகப்பிடத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் குறைகிறது என்றார்களாம். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

சட்ட உதவித் தொண்டர்:

இரண்டாவது பையனைப் பற்றி மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இது நம் ஊரில் பலருக்கு உதவும். 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது திருமணம் ஆகாது. அப்படிப் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே அமையும். தாய்க்கு ஆவணம் இல்லை என்றால், தகப்பன் நீல அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகனாக இருந்தும் பிள்ளை ஆவணமற்றவனாகிவிடுகிறான். தோட்டத்தில் பாட்டி காலத்தில் விடுபட்ட ஒரு பிறப்புப் பதிவு, மூன்றாம் தலைமுறைப் பையன் பள்ளியை விட்டு நிற்பதில் வந்து முடிகிறது.

எந்தத் தாள்கள் வேண்டும் என்பதை முதல் நாளே ஒரே பட்டியலாக எழுதிக் கொடுத்து, ஏதேனும் குறைந்தால் காரணத்தையும் எழுத்தில் கொடுத்தாலே அந்தத் தாய்க்கு இரண்டு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். பொதுச் சேவைச் சீர்திருத்தம் என்று பெரிய சொல்லால் நாம் கேட்பது இதைத்தான். அந்த அம்மாவின் உறையை என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். நான்காவது முறை நான் உடன் செல்கிறேன்.

புள்ளியியல் மாணவி:

டீச்சர் பக்கம் பேசுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. சிறைப் பயணம் கெடுதல் என்றால் அதற்கு மாற்றாக நாம் செய்வது தானாகவே நல்லதாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1939-இல் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரு நகரங்களில் 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு ஆலோசகர், பாட உதவி, மருத்துவ உதவி, கோடை முகாம் என ஐந்தாண்டுகளுக்கு மேல் அன்போடு கொடுத்தார்கள். ஜோன் மெக்கார்ட் என்ற அம்மையார் முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, பலர் அந்தத் திட்டத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் பதிவேடுகளைப் பார்த்தால், உதவி பெற்றவர்களின் நிலைதான் பல வகையிலும் மோசமாக இருந்தது. முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் அது அதிகம் தெரிந்தது. டீச்சரின் வேனில் நடந்ததுதான் அங்கும் நடந்திருக்க வேண்டும். ஆகவே, வம்புப் பையன்களை மட்டும் சேர்த்துக் கால்பந்துக் குழு அமைக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் வந்த யோசனையையும் நான் ஏற்கவில்லை.

பலன் தந்தவையும் உண்டு. சிகாகோவில் வன்முறை மிகுந்த 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரக் கோடை வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில், வன்முறைக் குற்றத்துக்காக அவர்கள் கைதானது மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவு. 2014-இல் வெளிவந்த முடிவு இது. நம் ஊரில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காக மாதக்கணக்கில் சும்மா இருக்கும் பிள்ளைகளுக்கு இது பொருந்தக்கூடும். பதினான்கு வயதுப் பையனுக்குப் பொருந்தாது. அவனுக்கு வேன் நோட்டுதான் பொருத்தமாகத் தெரிகிறது.

இளைஞர் பிரிவு:

எல்லாருடைய கருத்தையும் மீண்டும் மீண்டும் படித்தேன். சிறைப் பயணத் தீர்மானத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கப்போவதில்லை, குழுவினரிடம் பேசிவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு காரியத்தை முன்மொழிகிறேன். பிற்பகல் பள்ளிப் பிள்ளை எவனாவது தொடர்ந்து மூன்று நாள் வேனில் ஏறவில்லை என்றால், அன்று மாலையே எங்களில் ஒருவர் அவன் வீட்டுக்குப் போவோம். தனியாக, பெற்றோர் வேலை முடிந்து வந்த பிறகு. பேருந்துக்குப் பணம் தர முன்வந்தவரிடம், காலை நேரத்தில் மண்டபத்தைத் திறந்து வைத்து, எல்லாப் பிள்ளைகளும் வந்து படிக்கும்படி ஒருவரை அமர்த்த அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்கவிருக்கிறேன்.

மளிகைக் கடை:

என் மனம் முழுமையாக மாறிவிடவில்லை. சிறையைப் பார்த்துத் திருந்திய ஒருவரை நான் நேரில் அறிவேன், அவர் பொய் சொல்பவர் இல்லை. ஆனாலும் உங்கள் முயற்சிக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒரே நிபந்தனை. எதை வைத்து வெற்றி என்று சொல்லப்போகிறீர்கள் என்பதை இப்போதே எழுதுங்கள். ஆண்டு இறுதியில் உங்களுக்குச் சாதகமான எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு வரக்கூடாது. இன்று எத்தனை பிள்ளைகள் வராமல் இருக்கிறார்கள், நவம்பரில் எத்தனை பேர், கட்டொழுங்குப் பதிவேட்டில் புதிதாக ஏறியவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று கணக்கும் வேண்டும். அந்த எண்ணிக்கை கூடியிருந்தால் சிறைப் பயணத் தீர்மானத்தை நானே கொண்டுவருவேன். வழக்கறிஞர் தம்பி, கடிதத்துக்கான புகார் எண்ணை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

நிபந்தனை நியாயமானது. மூன்று கணக்கையும் நான் எழுதி வைக்கிறேன்.

வேன் ஓட்டுநர்:

நாளை மதியம் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, நோட்டை டீச்சர் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறேன். பெயர்களை இங்கே யாரும் எழுத வேண்டாம். கடைசி நான்கு பக்கங்களில் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் கணக்கு இருக்கிறது. அதைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் தருவேன்.